பன்னிரண்டு மீட்டல்

மின்கிட்டார் வாங்கிய கையோடு உலகெங்கும் புதியவர்கள் வாசித்துப் பார்க்கும் பாட்டு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், டீப் பர்ப்பிள் என்ற ராக் இசைக்குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டைத்தான் சொல்ல வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் மட்டும் தனியாக வந்து ஒரு சிறு இசைத் துணுக்கை வாசிக்கிறது. பாட்டு முழுக்க அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி வரும் துணுக்கை ராக் இசைக்காரர்கள் ‘ரிஃப்’ என்பார்கள். இந்த ரிஃபில் இருப்பது மொத்தம் 12 மீட்டல், இரண்டு தந்தி, விரல் போக வேண்டிய இடம் மூன்றே மூன்று. எங்கே விரல் வைப்பது என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் அதே ரிஃப் இசைத்தட்டில் கேட்பதுபோல் ஒலிக்க மாதக்கணக்கில் ஆகிறது. பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை அது வருவதே இல்லை. காரணம் இடது கையில் இல்லை. வலது கையிலும் தாளத்திலும் இருக்கிறது.

எரிந்துபோன அரங்கு

பாட்டு சொல்லும் கதை உண்மையில் நடந்தது. 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மாந்த்ரே நகருக்குப் போனது. பாடகர் இயன் கில்லன், கிட்டார் ரிட்சி பிளாக்மோர், பேஸ் கிட்டார் ரோஜர் குளோவர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ் ஆகிய ஐந்து பேர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, லாரிக்குள் அமைந்த நடமாடும் ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். குளிர்காலத்துக்காக மூடப்படவிருந்த கேசினோ அரங்கில் புதிய ஆல்பத்தைப் பதிவு செய்வதாகத் திட்டம்.

மூடுவதற்கு முன் அங்கே ஒரே ஒரு கச்சேரி மிச்சம் இருந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவும் வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் இருந்த யாரோ ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டுவிட்டார். பிரம்பு வேய்ந்த கூரை பற்றிக்கொண்டது. மாந்த்ரே ஜாஸ் விழாவைத் தொடங்கிய கிளாட் நோப்ஸ் உள்ளே ஓடிப் போய்ப் பலரை வெளியே கொண்டுவந்தார். உயிரிழப்பு இல்லை. அரங்கும் ஸாப்பா குழுவின் கருவிகளும் சாம்பலாயின. எழுந்த புகை ஏரியின் மேல் பரவியதை டீப் பர்ப்பிள் குழுவினர் கண்ணால் பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்த குளோவர் வாயில் வந்த சொற்கள்தாம் பாட்டின் தலைப்பாயின.

வேறு இடம் தேடி அலைந்தவர்கள் முதலில் பெவிலியன் என்ற பழைய நாடக அரங்கில் கருவிகளை இறக்கினார்கள். பிளாக்மோரின் ரிஃபை அடிப்படையாகக் கொண்ட இசை அங்கேதான் பதிவானது. இரவில் எழுந்த சத்தத்தில் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. பதிவு முடியும்வரை குழுவின் உதவியாளர்கள் கதவைத் திறக்க விடாமல் உள்ளிருந்து பிடித்துக்கொண்டார்கள். பிறகு குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலுக்குப் போய், தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி மற்றப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஆல்பத்துக்கு இன்னும் ஒரு பாட்டு தேவைப்பட்டபோதுதான், ஏற்கெனவே கைவசம் இருந்த அந்த இசைக்குத் தீ விபத்தின் கதையை வரிகளாக எழுதிச் சேர்த்தார்கள்.

‘மெஷின் ஹெட்’ என்ற அந்த ஆல்பம் 1972 மார்ச்சில் வெளிவந்தது. இந்தப் பாட்டு ஓடும் என்று குழுவே எதிர்பார்க்கவில்லை. முதலில் தனித்தட்டாக வெளியிட்டது ‘நெவர் பிஃபோர்’ என்ற வேறு பாட்டை. 1973-இல் தனித்தட்டாக வந்தபிறகே ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறியது.

ஸ, க, ம... இன்னொரு ம

இனி கிட்டாரைக் கையில் எடுக்கலாம். ஆறு தந்திகளில் மெல்லியது முதல் தந்தி, தடித்தது ஆறாவது. இந்த ரிஃபுக்கு நடுவில் உள்ள மூன்றாவதும் நான்காவதும் போதும். மூன்றாவது தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது ஜி. நான்காவது தந்தியில் டி.

ரிஃபை டேப் முறையில் எழுதினால் எண்கள் இப்படி வரும்: 0, 3, 5 – 0, 3, 6, 5 – 0, 3, 5 – 3, 0. எண் என்பது ஃபிரெட், அதாவது கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளின் வரிசை எண். பூஜ்யம் என்றால் விரல் வைக்காத திறந்த தந்தி. மற்ற எண்களில் இரண்டு தந்திகளையும் ஒரே ஃபிரெட்டில் ஒரே விரலால் அழுத்த வேண்டும். மேற்கத்திய இசைக்குறிகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் டேப் புரியும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 16-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவின் லூட் வாத்தியக்காரர்கள் இந்த வகையில்தான் எழுதி வாசித்தார்கள்.

கர்நாடக இசை பழகியவர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். ஜியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் முதல் மூன்று மீட்டலும் ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம். அடுத்த நான்கில் ஸ, க வந்ததும் பிரதி மத்திமத்தைத் தொட்டுவிட்டு உடனே சுத்த மத்திமத்துக்கு இறங்குகிறது. இரண்டு மத்திமமும் அடுத்தடுத்து உரசும் அந்த இடம்தான் காதில் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து ராக் எடுத்துக்கொண்ட சாயல் அது.

நான்காவது தந்தியும் சேர்ந்து ஒலிப்பதால், ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே இன்னொரு சுரம் நிழலாகத் தொடர்கிறது. ஸ ஒலிக்கும்போது கீழே மந்தர பஞ்சமம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 3-க்கு 4 என்ற எளிய விகிதம். திறந்த டி தந்தி விநாடிக்குச் சுமார் 147 அதிர்வுகள், ஜி தந்தி 196. ஆம்பிளிஃபயரில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டினால், இரண்டு ஒலிகளின் வித்தியாசமும் புதிதாகக் கேட்கத் தொடங்கும். 196-இலிருந்து 147 போனால் 49. அதுவும் ஜிதான், இரண்டு ஸ்தாயி கீழே! அதனால்தான் இரண்டே தந்தியில் வாசிப்பது அவ்வளவு கனமாகக் கேட்கிறது. இதே டிஸ்டார்ஷனில் ஸ-வையும் காந்தாரத்தையும் சேர்த்து மீட்டினால் ஒலி கலங்கிப் போகும்.

பிக்கைக் கீழே வையுங்கள்

பெரும்பாலானவர்கள் இந்த ரிஃபை மூன்று விதங்களில் மாற்றி வாசிக்கிறார்கள். ஆறாவது தந்தியில் ஒற்றை ஒற்றையாக 0, 3, 5 என்று போவது முதல் வகை. எளிது என்பதால் பல ஆசிரியர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அது ஜியில் அல்ல, ஈ-யில் தொடங்குகிறது. இசைத்தட்டோடு சேர்த்து வாசித்தால் ஒட்டாது. பவர் கார்ட் என்ற ஸ-ப ஜோடியாக வாசிப்பது இரண்டாவது வகை. கனமாக இருக்கும், ஆனால் சற்றே மந்தமாகக் கேட்கும். தந்தியும் ஃபிரெட்டும் சரியாக இருந்தும், பிக் எனப்படும் மீட்டும் வில்லையால் மேலிருந்து கீழே அடிப்பது மூன்றாவது.

பிளாக்மோர் இதற்குப் பிக்கைப் பயன்படுத்துவதில்லை. விரல்களால் இரண்டு தந்திகளையும் ஒரே நேரத்தில் சுண்டி இழுக்கிறார். இதை அவரே வாசித்துக் காட்டி விளக்கியிருக்கிறார். பிக்கால் அடிக்கும்போது நான்காவது தந்தி முந்தி ஒலிக்கும், மூன்றாவது ஒரு நூலிழை பிந்தி வரும். விரலால் சுண்டும்போது இரண்டும் ஒன்றாகப் பிறக்கின்றன. கட்டைவிரலை நான்காவது தந்தியிலும் ஆள்காட்டி விரலை மூன்றாவதிலும் வைத்து, கிள்ளுவதுபோல் லேசாக எடுங்கள். வித்தியாசம் முதல் மீட்டலிலேயே காதுக்குத் தெரியும்.

சுண்டிய விரல்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவை உடனே தந்திக்குத் திரும்பி ஒலியை நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மீட்டலும் கத்தரித்தாற்போல் நிற்க, மூன்றாவது நீள்கிறது. எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் இந்த ரிஃபின் மிடுக்கு இருக்கிறது. வாசிக்காத மற்ற நான்கு தந்திகளையும் அமர்த்திக்கொள்ள வேண்டும். டிஸ்டார்ஷன் கூடினால் சும்மா இருக்கும் தந்தியும் முனகும்.

அரை இடத்தில் சிக்கல்

எல்லாம் சரியாக இருந்தும் பலர் தடுமாறுவது தாளத்தில்தான். ரிஃப் முழுவதும் 16 அடி, ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம். முதல் ஆவர்த்தனத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கைகளின் தலையிலேயே மூன்று மீட்டல். அதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. அடுத்த மூன்று மீட்டலும் நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றின் அரை இடத்தில், அதாவது அடுத்த எண்ணிக்கைக்கு நடுவழியில், விழுகின்றன. ஏழாவது மீட்டல் ஏழாவது எண்ணிக்கையில் நேராக வந்து உட்காருகிறது. எட்டில் ஒன்றுமில்லை.

இரண்டாவது ஆவர்த்தனமும் ஒன்று, இரண்டு, மூன்றில் நேராகத் தொடங்கி, நான்கிலும் ஐந்திலும் அரை இடம் தள்ளி முடிகிறது. கடைசி மீட்டலுக்குப் பிறகு ஆறு, ஏழு, எட்டு மூன்றும் காத்திருக்க வேண்டிய நேரம். புதியவர்கள் இங்கேதான் பொறுமை இழந்து அடுத்த சுற்றுக்குப் பாய்ந்துவிடுகிறார்கள். அரை இடத்து மீட்டல்களை எண்ணிக்கையின் தலையில் போட்டுவிடுவது இன்னொரு பிழை. சுரம் சரியாகவே இருக்கும். ஆனால் ராக் பாட்டு பள்ளிக்கூட அணிவகுப்பு இசையாகிவிடும்.

இதற்குக் கிட்டாரே வேண்டாம். இடது கையால் தாளம் போட்டுக்கொண்டு, ரிஃபை ‘த’ என்ற ஒரே சொல்லால் வாயில் சொல்லிப் பழகலாம். அது நின்றபிறகு இடது கை விரல்களைத் தந்திகளின் மேல் அழுத்தாமல் சும்மா படிய வைத்து, வலது கையால் ‘டக் டக்’ என்ற ஓசையில் தாளத்தை மட்டும் வாசிக்கலாம். சுரங்கள் மூன்றாவது கட்டம்தான். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்துத் தொடங்கி, பிழையில்லாமல் வந்தால் ஐந்து ஐந்தாகக் கூட்டலாம். இசைத்தட்டின் வேகம் 110-க்கும் 120-க்கும் இடையில்.

தனியாக வாசித்தால் மெலிவது ஏன்?

ரிஃபை ஒழுங்காக வாசித்தும், ‘தட்டில் கேட்பதுபோல் இல்லையே’ என்று குறைப்படுபவர்கள் உண்டு. தட்டிலும் முதலில் மட்டும்தான் கிட்டார் தனியாக ஒலிக்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டும், டிஸ்டார்ஷன் ஏற்றிய ஆர்கனும் சேர்கின்றன. பிறகு மற்ற டிரம்ஸ், கடைசியாக பேஸ். லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்பிளிஃபயரில் இணைத்து வாசித்தவர். நாம் கிட்டார் என்று நினைத்துக் கேட்கும் ஒலியில் பாதி அவருடையது. ஆகவே ஆம்பில் டிஸ்டார்ஷனை முழுக்கத் திருகினால் அந்தக் கனம் வந்துவிடாது. பிளாக்மோரின் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் நாம் எண்ணுவதைவிடத் தெளிவாகவே ஒலிக்கிறது. ஒலியைக் குறைத்து வைத்து, மீட்டலைத் தெளிவாக்குவதே நல்லது.

ரிஃபோடு பாட்டு முடிந்துவிடுவதும் இல்லை. பாடகர் பாடும் பகுதியில் கிட்டார் ஜியில் நின்று, அவ்வப்போது எஃப்புக்குப் போய்த் திரும்புகிறது. தலைப்பு வரும் பல்லவியில் சி, ஏ ஃப்ளாட் கார்டுகள் வருகின்றன. பவர் கார்ட் வடிவம் ஒன்று கைவந்தால் இந்த இரண்டு பகுதியையும் ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். நடுவில் வரும் கிட்டாரின் தனி வாசிப்பு அப்படியல்ல. தந்தியை வளைத்துச் சுரத்தை ஏற்றவும், விரலை அசைத்துக் கமகம்போல் நடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு அதைத் தொட்டால் போதும்.

மின்கிட்டார் இல்லாதவர்கள் சாதாரண அகூஸ்டிக் கிட்டாரிலும் தொடங்கலாம். தந்தி தடிப்பு என்பதால் விரல் நுனி கூடுதலாக வலிக்கும். சில வாரங்களில் தோல் கெட்டிப்பட்டுவிடும். மின்கிட்டாருக்கு 9 அல்லது 10 எண் கொண்ட மெல்லிய தந்திக் கட்டு போதும்.

முதல் பாட்டு எது என்று கேட்பவர்களுக்கு ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டைத் தயங்காமல் சொல்லலாம். லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ பலருடைய கனவுப் பாட்டு. ஆனால் அதன் தொடக்கமே நான்கு தந்திகளில் விரல்களைத் தனித்தனியாக இயக்கச் சொல்லும். இங்கே இடது கைக்குச் சுமை குறைவு என்பதால், கவனம் முழுவதையும் வலது கைக்கும் தாளத்துக்கும் கொடுக்க முடிகிறது. வாசித்ததை போனில் பதிவு செய்து, ஐந்தாவது எண்ணிக்கையின் அரை இடத்தை மட்டும் முதலில் சரிபாருங்கள். பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.