அம்பாசடர் கிளம்ப மறுக்கும்போது

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் வண்டிகளுள், 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருந்திய பழைய வண்டியொன்று மழைக்காலக் காலையில் கிளம்ப மறுப்பதாகக் கொள்வோம். முகாமுக்குப் புறப்படும் நேரம் கடந்துகொண்டிருக்கிறது. ஸ்டார்ட்டர் எஞ்சினை விரைவாகவே சுழற்றுகிறது. ஆகவே பாட்டரியைக் குறைகூற இயலாது. உடனே கார்புரேட்டரைக் கழற்ற முற்படுவோரே பலர். அது வீண் அவசரம். தீப்பொறி உண்டா என்பதே முதற்கேள்வி.

பெட்ரோல் வாடை வீசுமாயின் இச்சோதனையைத் தொடங்கலாகாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுக்கம்பியை உருவி, உலர்ந்த மரக்கவ்வியாற் பிடித்து, அதன் நுனியை எஞ்சின் உலோகத்தினின்று கால் அங்குலம் தள்ளி நிறுத்துக. மற்றொருவர் எஞ்சினைச் சுழற்றுகையில் நீலப்பொறி 'சடக்'கெனத் தாவவேண்டும்.

தாவாவிடில் காண்டாக்ட் முனைகளை நோக்குக. அவை முழுவதும் விரிகையில் இடைவெளி 0.015 அங்குலம் இருத்தல் வேண்டும். முனைகள் பிரியும் கணத்தில் மின்னோட்டம் அறுபட்டு, கம்பிச்சுருளின் காந்தப்புலம் குலைவதால் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. பள்ளி ஆய்வுக்கூடத் தூண்டுசுருளிலும் தொழிற்படுவது இதே தத்துவமே. கண்டன்சர் பழுதுற்றால் ஓட்டம் சட்டென அறாது. முனைகளிடையே பொறியாய் எரிந்து அவற்றைக் கருக்கிவிடும். கருகிய முனைகளைத் தேய்த்துவிட்டுக் கண்டன்சரை மறந்தவர், சில நாட்களில் மீண்டும் வண்டியைத் தள்ள நேரிடும்.

பொறி நன்கு தாவினால், மூடியின் உட்புற ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் பெரும்பாலும் இதுவே போதும். அதன் பின்னரும் கிளம்பாவிடில் பிளக்கைக் கழற்றுக. பெட்ரோலில் நனைந்திருப்பின் எரிபொருள் மிகுந்துவிட்டது. உலர்ந்திருப்பின் அது வந்துசேரவில்லை. கார்புரேட்டரின் முறை இப்பொழுதுதான் வருகிறது.