தீபத்துக்குச் செண்டுமல்லி



திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழா பத்து நாள் நடக்கிறது. பத்தாம் நாள் மாலை மலை உச்சியில் மகாதீபம் ஏற்றுகிறார்கள். அதுவரைக்கும் மாலைக்கும் தோரணத்துக்கும் கூடை கூடையாகப் பூ வேணும். தீபம் முடிஞ்சால் கிராக்கி குறைஞ்சுவிடும். அதனாலே நாள் கணக்குத்தான் முக்கியம்.

துலுக்கச் சாமந்தி என்கிற செண்டுமல்லிக்கு நாற்றங்காலில் 30 நாள், நட்ட பிறகு 60 நாள், ஆக 90 நாளில் முதல் பறிப்பு. தீபம் வருஷா வருஷம் ஒரே தேதியில் வராது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, கொடியேற்றத்துக்கு 90 நாள் முன்னாலே, அதாவது ஆவணி வாக்கில், விதை விடுங்கள். அப்போதுதான் தீபத்தன்று பூ பெருகி நிற்கும். நட்ட 30-ம் நாள் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும், பூவும் கூடும்.

கார்த்திகையில் மழையும் பனியும் இருக்குமே! ஈரப்பூவைச் சாக்கில் அடைத்தால் சூடேறி, சந்தைக்குப் போகுமுன்னே அழுகிப்போகும். பனி காய்ந்ததும், வெயில் ஏறுமுன், நன்றாக மலர்ந்த பூவை மட்டும் பறியுங்கள். நனைந்த பூவை நிழலில் பரப்பி, ஈரம் உலர்ந்த பிறகே கூடையில் போடுங்கள். மூன்று மாசப் பாடு கடைசி நாளில் வீணாகக் கூடாது, இல்லையா?