ரோபோவுக்கு ஏற்ற சில்லு
மாலபேயிலுள்ள இலங்கைத் தகவல் தொழினுட்ப நிறுவகத்தின் ரோபோபெஸ்ட் போட்டிக்கு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாணவர் குழு ஆயத்தமாகுமாயின், முதலில் தீர்மானிக்க வேண்டியது சில்லுகளையே. தவறானதை வாங்கிவிட்டால் மாற்றுவதற்குக் காசும் இராது, காலமும் இராது.

சுவீடன் நாட்டு பெங்ட் இலோன் 1970களில் அமைத்த மெக்கானம் சில்லு யாவரையும் மயக்கும். விளிம்பில் 45 பாகை சாய்ந்த உருளைகளால் ரோபோ பக்கவாட்டிலும் நகரும். ஆனால் அதற்கு நான்கு மோட்டார் வேண்டும். தள்ளும் வலுவும் குறையும்.

கோட்டைப் பின்தொடரும் போட்டிக்கு இரண்டு மோட்டார், இரண்டு சில்லு, தாங்குவதற்கு ஒரு சுழலுங் குண்டு போதும். ஒரு சில்லு முன்னும் மற்றது பின்னும் சுழன்றால் ரோபோ நின்ற இடத்திலேயே திரும்பும்.

எதிரியைத் தள்ளும் ஆட்டமாயின் கணக்கு வேறு. ஆறு சில்லு பூட்டி, நடுவிலுள்ள இரண்டைச் சில மில்லிமீற்றர் தாழ்த்துவர். பிடியும் கிடைக்கும், திரும்பும்போது உராய்வும் குறையும்.