கோல்ட் விங்: எடையை எங்கே வைப்பது?

ஹோண்டா கோல்ட் விங் பக்கத்தில் போய் நின்றால், என்னைப் போன்ற நூறு சிசி ஆசாமிக்கு முதலில் தோன்றுவது, 'இது சாய்ந்தால் யார் தூக்குவது?' என்பதுதான். இன்றைய டூர் மாடல் சுமார் 380 கிலோ. ஏறி உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது பயந்த அளவுக்குக் கனம் தெரியவில்லை.

காரணம் இன்ஜின். சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இடமும் வலமுமாகப் படுத்திருக்கின்றன. எடையெல்லாம் கீழே. 1974இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சிக்கு வந்த முதல் வண்டியான ஜிஎல்1000லேயே இந்த அமைப்பு உண்டு: நான்கு சிலிண்டர், 999 சிசி, தண்ணீரால் குளிரும் இன்ஜின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெட்ரோல் டேங்க். டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது, டேங்க் வேஷம் போட்ட பெட்டி. பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் ஒயரிங், டூல்ஸ், பேட்டரி படுத்துவிட்டால் மாட்டி உதைக்க ஒரு கிக்கர். நிஜ டேங்க் சீட்டுக்கு அடியில். 19 லிட்டர் பெட்ரோல் என்றால் பதினாலு கிலோ. அதையும் மேலே ஏற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை! நின்ற இடத்தில் முறுக்கினால் வண்டி ஒரு பக்கமாக உதறக்கூடாது என்று, ஆல்டர்னேட்டரை கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றவிட்டார்கள்.

இவ்வளவு யோசித்தவர்கள் வண்டியை மொட்டையாகத்தான் விற்றார்கள். முன்னால் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை, பின்னால் பெட்டியும் இல்லை. வாங்கிய அமெரிக்கர்கள் கிரேக் வெட்டரின் விண்ட்ஜாமர் ஃபேரிங்கை மாட்டி, இரண்டு பக்கமும் பெட்டிகளைத் தொங்கவிட்டு, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலைக்குப் போனார்கள். கம்பெனி சும்மா இருக்குமா? 1980இல் ஃபேரிங், பெட்டி எல்லாவற்றையும் தானே பூட்டி, ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட் என்று விற்றது. டூரிங் பைக் என்றதும் இன்று நம் கண்ணுக்கு வரும் உருவத்தில் பாதி, ஓட்டியவர்கள் கொடுத்தது என்பேன்.

அப்புறம் வண்டி ஊதிக்கொண்டே போனது. 1988 மாடலான ஜிஎல்1500க்கு ஆறு சிலிண்டர், 1,520 சிசி. பார்க்கிங்கில் காலால் உந்திப் பின்னால் தள்ள முடியாத எடை வந்துவிட்டதால் ரிவர்ஸ் வைத்தார்கள். அதற்குத் தனி மோட்டார் இல்லை. இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைப் பின்னுக்கு நகர்த்தும். 2001இல் 1,832 சிசி. சில வருஷத்தில் ஏர்பேக்கும் வந்தது.

2018இல் ஹோண்டா துணிந்து நாற்பது கிலோ போல இளைக்க வைத்தது. முன்சக்கரத்தில் வழக்கமான ஃபோர்க்கை எடுத்துவிட்டு, கார்களில் உள்ளதுபோல் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். ஓட்டிப் பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் பெட்டிகளும் இளைத்துவிட்டன. இரண்டு பேர் சாமான் எங்கே போவது என்று பழைய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். 2021 டூர் மாடலில் பின்பெட்டி 50 லிட்டரிலிருந்து 61 லிட்டரானது. இப்போது இரண்டு முழு ஹெல்மெட் உள்ளே போகும்.