தோண்டுவதா, ஏறுவதா?

குளிரில் நிலம் உறையும் நாடுகளில் அஸ்திவாரத்தை ஆழமாக இறக்கியே ஆகவேண்டும். அதனால் கிடைக்கும் நிலவறையை விளையாட்டு அறையாக மாற்றுவது அங்கே சிக்கனம்தான். காரைக்கால்மேட்டில் அந்தக் காரணமே இல்லை. இந்த மீனவர் ஊருக்குள் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாய்க் கடலே புகுந்தது. டெல்டா கரையோர மணலைத் தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் ஊறும்.

நல்ல வாட்டர்புரூஃபிங் செய்தால் போதாதா என்று கேட்கலாம். கசிவு மட்டுமா சிக்கல்? நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தளம் போட்டால், அதன் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நீர் ஏறத்தாழ ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். உவர்நீர் பட்டால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கசியாத அறையிலும் ஈரம் தங்கும்: கேரம் பலகை வளையும், பவுடர் கட்டிதட்டும். (பிறகு காய் எங்கே ஓடும்?) நிலவறைக்கு ஆகும் செலவை மாடியில் போடுவதே புத்தி. மாடியறை வெயிலில் கொதிக்கும் என்ற மறுப்பு நியாயமானது. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, எதிரெதிரே ஜன்னல் வைத்தால் சூடு பெரிதும் தணியும். டேபிள் டென்னிஸ் மேசை 9 அடிக்கு 5 அடி. சுற்றிலும் ஓடியாட இடம் விட்டே அறையை அளக்க வேண்டும். வெள்ளம் வரும் நாளில் வீட்டார் ஏறி நிற்கவும் அதே அறைதான்.