வடபுலக் குளிரும் கொழும்பு நகரப் பூங்காக்களும்

வெண்பனி வீழும் குளிர்காலத்தை அறியாதது நமது நாடு. ஆயினும் வடபுலத்துக் குளிரின் விளைவினை ஆண்டுதோறும் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை நமது தலைநகரின் பூங்காக்களிலே காண்கின்றோம். வலசைப் பறவைகளின் வருகையே அவ்விளைவாகும். அவை ஏன் வருகின்றன, நகரில் எவற்றை நாடுகின்றன என்பவற்றை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

குளிருக்கு அஞ்சியே பறவைகள் இடம்பெயர்கின்றன என்பது பொதுவான கருத்து. இது முழு உண்மையன்று. இறகுப் போர்வை குளிரைப் பெரிதும் தடுக்க வல்லது. குளிர்காலத்தில் பூச்சி புழுக்கள் அருகிவிடுவதே முதன்மையான காரணமாகும். பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் பறவையின் உடல் பயணத்துக்கு ஆயத்தமாகின்றது. அது மிகுதியாக உண்டு கொழுப்பைச் சேமிக்கின்றது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்னெல்லையில் இலங்கை அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருங்கடலே பரந்துள்ளது. எனவே தரைவாழ் பறவைகள் பலவற்றுக்கு இத்தீவே பயணத்தின் முடிவிடம். இங்கு இடமில்லையெனின் அப்பால் செல்ல அவற்றுக்கு வேறிடமில்லை.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்வோம். இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதியிலும் இனம்பெருக்கும் இப்பறவை, பச்சை முதுகும் நீலச் சிறகுத் திட்டும் செந்நிற அடிவயிறும் கொண்டது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணியளவில் குரல் எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. மரநிழலில் உதிர்ந்து கிடக்கும் ஈரச் சருகுகளைக் கிளறி, அவற்றின் அடியிலுள்ள புழு பூச்சிகளை உண்டு இது வாழ்கின்றது. சருகு முழுவதையும் நாள்தோறும் கூட்டியள்ளும் பூங்கா நம் கண்ணுக்குத் தூய்மையானதாகத் தோன்றலாம்; இப்பறவைக்கோ அது வெறுமையான உணவுக்கலமே. பூங்காவின் ஒரு மூலையையேனும் கூட்டாது விடுதல், செலவெதுவுமில்லாத பெரும் உதவியாகும்.

விஹாரமகாதேவி பூங்காவின் முதுமரங்களிலே பகலிற் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில் நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், கபரகொய்யா முதலியவற்றைக் காணலாம். அரிய மீன்பிடிப் பூனையும் தலைநகரின் ஈரநிலங்களில் வாழ்கின்றது. வெள்ளநீரை ஏந்தி நகரைக் காப்பனவும் இவ்வீரநிலங்களே. 2018ஆம் ஆண்டில் கொழும்பு, றம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. ஆதலின் இவற்றை மண்ணிட்டு நிரப்புவோர் பறவையின் புகலிடத்தை மட்டுமன்றி, மனிதரின் பாதுகாப்பினையும் ஒருங்கே அழிக்கின்றனர்.

இவற்றை அவதானிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. விடியற்பொழுதில் ஓரிடத்தில் அசையாது நின்று கண்ட இனம், எண்ணிக்கை, நாள், இடம் ஆகியவற்றைக் குறித்தலே போதுமானது. ஒருநாட் குறிப்பு சிறிதளவே உணர்த்தும். ஆண்டுதோறும் தொடரும் குறிப்போ எவ்வினம் குறைகின்றது என்பதைத் தெளிவாகக் காட்டும். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய களப் பறவையியற் குழு இத்துறையில் உழைத்து வந்துள்ளது. தமிழ் மாணவரும் இப்பணியில் ஈடுபட்டுத் தாம் கண்டவற்றைத் தமிழிலே பதிவுசெய்வாராயின், அறிவியலும் மொழியும் ஒருங்கே பயனடையும்.