வண்ணம் பூசுவதற்கு முன்

பண்டிகைக் காலம் நெருங்கினால், வீட்டுக்குப் புதுப்பொலிவு தர வேண்டும் என்னும் எண்ணம் இல்லந்தோறும் எழுகிறது. சீரமைப்புக்கெனக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது செலவு மதிப்பீட்டுப் பட்டியலை. பல பட்டியல்களில் சுவர் வண்ணமும் மரவேலையும் முதலிடத்தில் இருக்கும்; மொட்டைமாடிக் கசிவும் பழைய மின்கம்பியும் கடைசி வரியில் ஒதுங்கியிருக்கும். இந்த வரிசையை மாற்றினால், அதே தொகை நெடுநாள் பயன் தரும்.

முதலில் நீரும் மின்சாரமும்

ஈரம் காயாத சுவரில் பட்டி பார்த்து வண்ணம் பூசினால், அடுத்த மழைக்காலத்திலேயே அது உப்புப் பூத்து உரியத் தொடங்கும். ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்: மாடித் தளத்தின் விரிசலா, குளியலறைக் குழாயா, வெளிச்சுவரா? அதை அடைத்து, சுவர் நன்கு உலர்ந்த பின்னரே பூச்சு வேலை. குளியலறையில் நீர்க்காப்புச் செய்தால், தரை ஓடு பதிக்கும் முன் ஒரு நாள் முழுவதும் நீரைத் தேக்கிக் கசிவு உண்டா எனப் பார்த்துவிடுதல் நலம். மாடி வேலைக்குக் கோடையே ஏற்ற காலம்.

மின்கம்பிகளை மாற்றவும் சுவரை வெட்ட வேண்டியிருப்பதால் அதுவும் வண்ணத்திற்கு முந்திய வேலையே. குளிர்சாதனம், வெந்நீர்க் கொதிகலன் ஆகியவற்றுக்குத் தனித்தனி இணைப்பு வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி உயிர் காக்கும் செலவு, அதைத் தள்ளிப்போடலாகாது.

செலவைத் திருப்பித் தருபவை

பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும், பி.எல்.டி.சி. வகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாள்தோறும் 12 மணி நேரம் சுழலும் ஒரு விசிறியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 195 யூனிட் மிச்சமாகும். மாடியில் சூரிய மின்தகடு அமைப்போர்க்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. தகடு பொருத்திய பின் தளத்தைச் செப்பனிடுவது கடினம். ஆகவே கசிவை முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

பின்னர் அலங்காரம்

அலங்காரத்திற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சிறிய அறைக்கு வெளிர் நிறம் விசாலத் தோற்றம் தரும். சாளரத்திற்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் பெருகும். மேற்குச் சாளரத்திற்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டினால், உள்ளே தொங்கும் திரையைவிட வெப்பம் நன்கு தடுக்கப்படும். வண்ணத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாமல், சுவரில் சிறிது பூசிப் பகலிலும் இரவிலும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்தச் சுவரையும் இடிக்கும் முன் கட்டடப் பொறியாளரின் கருத்தும் சங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

பணத்தைத் திட்டமிடுதல்

ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான சேமிப்பைத் தொடாமல் வேலையைத் தொடங்குங்கள். கடன் வாங்குவதாயின் காலத்தைக் கவனியுங்கள். 3 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் 6,375 ரூபாய். மொத்த வட்டி சுமார் 82,400 ரூபாய். மூன்றாண்டாயின் தவணை சுமார் 9,680 ரூபாய். வட்டி சுமார் 48,500 ரூபாய். வீட்டுக்கடன் ஏற்கெனவே இருப்பின், அதன்மேல் பெறும் கூடுதல் கடனுக்கு வட்டி பெரும்பாலும் தனிநபர் கடனைவிடக் குறைவு. பழைய வருமான வரி முறையில், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. புதிய முறையில் இல்லை.

ஒப்பந்தக்காரருக்கு முழுத் தொகையையும் முன்பணமாகத் தராமல், வேலை முடியும் கட்டத்திற்கேற்ப வங்கி வழியாகச் செலுத்துங்கள். பத்தில் ஒரு பங்கையேனும் இறுதிச் சரிபார்ப்பு வரை நிறுத்திவையுங்கள். பட்டியல் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்க நேரும்போது, மேம்பாட்டுச் செலவை மூலதன ஆதாயக் கணக்கில் காட்ட அவையே சான்று.